மிக்ஸி சத்தமும் முதல் வாய்ச் சோறும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி: ஊஞ்சல் அறைக்குள் நடப்பது என்ன, வீட்டுக்குள் நடக்க வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை சலூன்களில் எப்போதாவது கண்ணில் படும் காட்சிதான். ஐந்து வயதுப் பையன் அலறுகிறான். அப்பா அவன் இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்திருக்கிறார். முடிவெட்டுபவர் கிடைத்த இடைவெளியில் கத்தரியை ஓட்டப் பார்க்கிறார். காத்திருக்கும் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ரெண்டு வச்சா சரியாப் போயிடும் சார்" என்று இலவச யோசனை சொல்கிறது. பாதி வெட்டிய தலையோடு பையனைத் தூக்கிக்கொண்டு அப்பா வெளியே வருகிறார். அடுத்த முறை தூங்கும்போதுதான் வெட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிறது.

கழுத்தைச் சுற்றி இறுகும் துணி, காதோரம் ட்ரிம்மரின் அதிர்வு, சொல்லாமல் வந்து விழும் தண்ணீர்த் துளிகள், சட்டைக்குள் இறங்கும் முடித் துணுக்குகள், தலையைச் சட்டென்று திருப்பும் அந்நியக் கை, க்ரீம் வாசனை, மேலே அலறும் டி.வி. நமக்கு இதெல்லாம் சேர்ந்து ஒரே காரியம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கோ இவை ஒரே நேரத்தில் ஏழு பக்கமிருந்தும் வரும் தாக்குதல். அடம் என்று பார்ப்பவர்கள் பெயர் வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பயம், சில நேரம் வலியே.

பெற்றோர் 'ஓ.டி.' என்று சுருக்கமாகச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபியில் நல்ல தெரபிஸ்ட் ஒருவர் இந்த இடத்தில் முதலில் கேட்பது, "இந்த ஏழில் எது?" என்பதுதான். துணியா, சத்தமா, தொடுதலா, அல்லது எப்போது முடியும் என்று தெரியாத தவிப்பா? சத்தம்தான் காரணம் என்றால் ட்ரிம்மரை வீட்டில் அணைத்த நிலையில் விளையாடக் கொடுப்பார்கள். பிறகு பக்கத்து அறையில் ஓடவிடுவார்கள், பிறகு அதே அறையில், பிறகு அப்பாவின் தலையில். தொடுதல்தான் என்றால், வெட்டுவதற்கு முன் உச்சந்தலையையும் தோள்களையும் இரு கைகளாலும் அழுத்தமாகப் பிடித்துவிடச் சொல்வார்கள். மெல்லிய தொடுதலைவிட அழுத்தமான தொடுதலைப் பல குழந்தைகள் எளிதாக ஏற்கிறார்கள். முடிவு தெரியாததுதான் காரணம் என்றால் பத்து வரை சத்தமாக எண்ணிவிட்டு நிறுத்த வேண்டும், மறுபடி பத்து. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது, ஞாயிறு கூட்டம், ஆகவே புதன் மதியம் போங்கள் என்பதுகூட சிகிச்சைத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்கும். ஆறு வாரம் ஆகலாம். ஆறு மாதமும் ஆகலாம்.

மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. கேட்பவருக்கு, "இதற்கு ஒரு பட்டப்படிப்பா?" என்று தோன்றும். தோன்றுவது இயல்பு, பாட்டிகள் கேட்பதும் இதையேதான்.

எழுபது ஆண்டுத் தாமதம்

1943-ல் அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டியது. அந்தக் கட்டுரையிலேயே அவர் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்திருந்தார். வேக்குவம் கிளீனர், ஓடும் தண்ணீர், கேஸ் பர்னர், முட்டை அடிக்கும் கருவி போன்றவற்றின் சத்தமும் அசைவும் இந்தக் குழந்தைகளைப் பீதியடைய வைக்கின்றன என்று. நம் வீடுகளில் மிக்ஸியைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடும் குழந்தையைத்தான் அவர் பால்டிமோரில் பார்த்திருக்கிறார். ஆனால் புலன்களின் இந்த மிகையும் குறையும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அதிகாரபூர்வ அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்ந்தது 2013-ல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேட்டில்தான். முதல் கட்டுரையிலேயே இருந்த ஒன்று பட்டியலில் ஏற எழுபது ஆண்டு.

அந்த இடைக்காலத்தில் இதை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஜீன் ஏயர்ஸ். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 1988-ல் மறைந்தார். 1972-ல் வெளிவந்த அவருடைய நூல்தான் இன்று ஊர் ஊராகப் பலகையில் எழுதப்பட்டிருக்கும் 'சென்சரி இன்டக்ரேஷன்' என்ற கொள்கைக்கு அடித்தளம். பள்ளிப் பாடத்தில் படித்த ஐம்புலன்களோடு அவர் இன்னும் இரண்டை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒன்று, உள்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உடம்பு சுழல்கிறதா நிற்கிறதா என்று சொல்வது. இன்னொன்று, தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி; கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான். இந்தச் செய்திகள் மூளையில் ஒழுங்காகச் சேராவிட்டால், கற்பதும் நடந்துகொள்வதும் தடுமாறும் என்பது அவர் வாதம். முதலில் கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளை வைத்து உருவாக்கிய கொள்கை, பின்னர்தான் ஆட்டிசத்துக்கு வந்தது.

உள்ளேயிருந்து வந்த சாட்சியும் உண்டு. 1947-ல் பிறந்த டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர், கால்நடை அறிவியல் பேராசிரியர். அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடும்போது மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் அவை அமைதியாவதைப் பார்த்தார். பதினெட்டு வயதில் தனக்காக அதேபோல ஒரு பெட்டியைச் செய்துகொண்டார். மனிதர்கள் அணைத்தால் தாங்க முடியாத அவருக்கு, தானே கட்டுப்படுத்தக்கூடிய அழுத்தம் ஆறுதலாக இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பல சென்டர்கள் மறந்துவிடுகின்றன. அழுத்தத்தின் கைப்பிடி அவர் கையிலேயே இருந்தது.

இந்தியாவில் இந்தத் தொழில் பழையது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் இருந்தது. போலியோ, தொழுநோய், விபத்து, பக்கவாதம் என்றுதான் பல ஆண்டுகள் ஓடின. குழந்தைகளும் ஆட்டிசமும் அதன் முகமாக மாறியது பின்னால்தான்.

கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அப்பா

தமிழ்நாட்டின் எந்தப் பெரிய ஊரிலும் இப்போது ஒரு சென்டராவது இருக்கிறது. தரை முழுக்க ரப்பர் பாய், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல்கள், வண்ணப் பந்துகள் நிறைந்த தொட்டி, சுவரில் ஏறும் பிடிகள், ஒரு டிராம்போலின். முக்கால் மணி நேரம் ஒரு செஷன். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அப்பா, உள்ளே மகன் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு வளையங்களைக் கம்பில் மாட்டுவதைப் பார்க்கிறார். "பார்க்கில் ஓசியில் ஆடுவதற்கு இங்கே காசா?" என்ற கேள்வி அவர் முகத்தில் எழுதியிருக்கும்.

கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. ஊஞ்சலில் குப்புறப் படுத்தபடி தலையைத் தூக்கி, அசையும்போதே ஒரு வளையத்தைக் குறிபார்த்து மாட்ட, கழுத்து, முதுகு, தோள், கண், கை எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். நாற்காலியில் சரிந்து விழாமல் உட்கார்ந்து எழுதுவதற்கும் இதே ஒத்துழைப்புதான் தேவை. தெரபிஸ்ட் ஊஞ்சலின் வேகத்தையும் வளையத்தின் தூரத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டே இருப்பார். ரொம்ப எளிதாக இருந்தால் குழந்தைக்குச் சலிப்பு, ரொம்பக் கடினமாக இருந்தால் ஓட்டம். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைப் பிடிப்பதுதான் அவருடைய கைத்திறன். அதைப் பிடிக்கத் தெரியாதவர் கையில் அதே அறை வெறும் விளையாட்டு மைதானம்தான். அப்போது அப்பாவின் சந்தேகம் சரி.

எச்சரிக்கையும் வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் சுழற்சி ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு வாந்தி வரும், சிலர் செஷன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் வெடிப்பார்கள். ஆட்டிசத்தோடு வலிப்பு நோயும் சேர்ந்திருக்கும் குழந்தைகள் கணிசம். அதைக் கேட்காமல் ஊஞ்சலில் ஏற்றுபவரிடம் குழந்தையை விடக் கூடாது. பல்வலி, மலச்சிக்கல், காதில் சீழ் போன்றவையும் பேச்சில்லாத குழந்தையிடம் தலையை மோதிக்கொள்வதாகவோ காதைப் பொத்துவதாகவோ வெளிப்படும். "சென்சரி பிரச்சினை" என்று முத்திரை குத்துவதற்கு முன் டாக்டர் ஒருமுறை வாயையும் வயிற்றையும் காதையும் பார்த்தாக வேண்டும்.

சமையலறை, பாத்ரூம், பாய்

ஊஞ்சல் அறையில் கழிவது வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீடு. நம் வீடுகளின் புலன் உலகம் வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இருப்பது அல்ல. அங்கே ஷூ லேஸ் கட்டுவதும் முள்கரண்டி பிடிப்பதும் இலக்குகள். நம் குழந்தைக்கு ரசம் சாதத்தைப் பிசைந்து ஒழுகாமல் வாய்க்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டும்.

அதையே எடுத்துக்கொள்வோம். சூடான, ஈரமான, பாதி குழைந்து பாதி பருக்கையாக இருக்கும் ஒன்றை ஐந்து விரல் நுனிகளால் திரட்டுவது, விரல் நுனி கூசும் குழந்தைக்குப் பெரிய சோதனை. ஊட்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்று வீடு கண்டுபிடித்துவிடுகிறது. பத்து வயது வரை ஊட்டல் தொடர்கிறது. தெரபிஸ்ட் இதை வேறு நுனியில் தொடங்குவார். முதலில் காய்ந்தவை: பொரி, கடலை. பிறகு இட்லி, அதுவும் சாம்பார் இல்லாமல். சப்பாத்தி மாவைக் குழந்தையே பிசையட்டும். சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் கை பழகட்டும். சாதத்துக்கு வரும்போது முதலில் கெட்டித் தயிர் சாதம், உருண்டையாக. பக்கத்தில் ஒரு ஈரத்துண்டு, எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்ற உரிமையோடு. அந்தத் துண்டு இருப்பதாலேயே பல குழந்தைகள் அதைக் குறைவாகப் பயன்படுத்துவார்கள். கூச்சம் தீராவிட்டால் ஸ்பூன் போதும். கையால்தான் சாப்பிட வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. தானே சாப்பிட வேண்டும் என்பதுதான் குழந்தையின் தேவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவதும் தெரபிஸ்டின் வேலை.

சாப்பாட்டில் அடுத்த கட்டம் இன்னும் சிக்கலானது. வெள்ளை நிற உணவு மட்டும், மொறுமொறுப்பானது மட்டும், ஒரே கம்பெனி பிஸ்கட் மட்டும் என்று சுருங்கிப்போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் உறையின் நிறத்தை மாற்றினால் அந்த வீட்டில் அன்று பட்டினி. இது கொஞ்சிச் சரிசெய்யும் விஷயமல்ல. இப்படிச் சுருங்கிய உணவால் வைட்டமின் சி குறைந்து, பழைய கப்பல் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய் வரை போன ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். புதிய உணவு முதலில் மேஜையில் இருக்கட்டும், பிறகு தட்டின் ஓரத்தில், பிறகு தொட, பிறகு முகர, பிறகு நாக்கில் வைத்துத் துப்ப. துப்புவதற்கு அனுமதி உண்டா என்று கேட்டு மாமியார்கள் அதிர்ச்சியடைவார்கள். உண்டு.

கழிவறை பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம், ஆனால் தாய்மார்கள் தெரபிஸ்டிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது என்ற உள்செய்தியே சில குழந்தைகளுக்குத் தெளிவாக வருவதில்லை. ஆகவே நேரம் பார்த்து அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. இந்திய பாணிக் கழிவறையில் குந்தி உட்கார கணுக்காலும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும். வெஸ்டர்னில் கால் தொங்கினால் பிடிமானம் போய்விடும், ஆகவே காலுக்கு அடியில் ஒரு மணை. ஃபிளஷ் சத்தம் பயமென்றால் குழந்தை வெளியே வந்த பிறகு இழுத்தால் போதும். பள்ளிக்கூடக் கழிவறையின் நாற்றம் தாங்காமல் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை அடக்கிக்கொண்டு, வீட்டு வாசலில் நனைத்துவிடும் குழந்தையை யாரும் திட்டக் கூடாது. அந்தப் பள்ளியைத்தான் திட்ட வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். விஜயதசமி அன்று பச்சரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதவைக்கும் நம் வழக்கம் புலன்வழிக் கற்றலுக்கு நல்ல தொடக்கம்தான், அரிசியைத் தொட்டாலே கை உதறும் குழந்தையைத் தவிர. அந்தக் குழந்தைக்கு அன்று விழா முடிந்தது. தமிழ் எழுத்துகளின் சுழிகளுக்கு மணிக்கட்டு நெகிழ வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பலமாக இருக்க வேண்டும். பென்சிலைக் கையில் கொடுத்து நான்கு பக்கம் எழுதச் சொல்வதைவிட, கடலை உரிப்பது, கீரை ஆய்வது, ஈரத்துணி பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது போன்றவற்றை நல்ல தெரபிஸ்டுகள் வீட்டுப்பாடமாகத் தருகிறார்கள். அமைதியின்றி அலைபாயும் குழந்தைக்கு மாலையில் கொஞ்சம் கனமான வேலை: தண்ணீர் வாளி தூக்குவது, மளிகைப் பையை இழுத்து வருவது, பாயைச் சுருட்டி வைப்பது. விலை கொடுத்து வாங்கும் லைக்ரா ஊஞ்சல், பழைய புடவையில் கட்டும் தூளிக்குப் பெரியண்ணன்தான். கூரைக் கொக்கி மட்டும் உறுதியாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதும்போதே ஒரு தயக்கம் வருகிறது. வீட்டில் செய்யச் சொல்வது எளிது, செய்வது யார்? பெரும்பாலும் அம்மா. காலை சமையல், பிள்ளைக்கு ஸ்பீச், ஓ.டி., ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று பஸ் மாறி மாறி ஓட்டம், இரவு தூங்காத குழந்தை, இதற்கு மேல் ஒரு 'ஹோம் புரோகிராம்' தாள். அதில் பதினைந்து பயிற்சிகளை அச்சடித்துக் கொடுப்பவர் குடும்பத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். எப்படியும் நடக்கப்போகிற குளியலிலும் சாப்பாட்டிலும் உடுத்துவதிலும் இரண்டே இரண்டு மாற்றங்களைச் சொல்பவர்தான் வீட்டுக்குப் பொருந்துவார்.

ஊஞ்சலுக்கு எதிராக வந்த தீர்ப்பு

சென்சரி இன்டக்ரேஷன் உண்மையிலேயே வேலை செய்கிறதா? விளம்பரப் பலகைகள் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

2014-ல் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசான் ஷாஃப் குழு, 32 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. பத்து வாரத்தில் 30 செஷன். ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரோடு சேர்ந்து இலக்குகளை வகுத்தார்கள். அந்த இலக்குகளில் சிகிச்சை பெற்ற குழுவினர் தெளிவாக முன்னேறினார்கள். சிறிய ஆய்வு, ஆனால் நம்பிக்கை தந்தது. 2022-ல் கார்டிஃப் பல்கலைக்கழகம் முன்னின்று 138 குழந்தைகளோடு செய்த பெரிய ஆய்வு வெளியானது. அங்கே அளந்தது குழந்தையின் எரிச்சலும் கொந்தளிப்பும் குறைகிறதா என்று. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறையவில்லை. கனமான போர்வை போர்த்தினால் நன்றாகத் தூங்குவார்கள் என்ற நம்பிக்கையையும் பிரிட்டனில் சோதித்தார்கள். 2014-ல் வந்த முடிவு: தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது! பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், தூக்க மருந்து என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012-லேயே, இந்தச் சிகிச்சைக்கான ஆதாரம் வரம்புக்குட்பட்டது என்று பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தன் மருத்துவர்களுக்கு எழுதியது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இது: "பையன் மொத்தமாக அமைதியாக வேண்டும்" என்ற இலக்குக்கு ஊஞ்சல் பதில் சொல்லவில்லை. "பல் தேய்க்கும்போது அலறாமல் இருக்க வேண்டும்" போன்ற ஒற்றை இலக்குக்கு ஏதோ சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் இங்க்ரிட் ஹோனனும் 2019-ல் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி முழுவதையும் சலித்துப் பார்த்து எழுதிய ஆய்வுத் தொகுப்பும் இதே திசையில்தான் போகிறது. உடம்பின் அடிப்படைத் திறனைச் சரிசெய்தால் செயல் தானாக வரும் என்று காத்திருப்பதைவிட, வேண்டிய செயலையே நேரடியாக, அது நடக்கும் இடத்திலேயே பழக்குவதும் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதும் அதிகப் பலன் தருகின்றன என்கிறது.

ஆகவே சென்டரில் சேர்க்கும் நாளில் கேட்க வேண்டியது, "எத்தனை ஊஞ்சல் இருக்கிறது?" என்பதல்ல. மூன்று மாதம் கழித்து என் குழந்தை தானாக என்ன செய்யும், அதை எப்படி அளப்பீர்கள், அளந்து பலனில்லை என்றால் என்ன மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். "சென்சரி நல்லா இம்ப்ரூவ் ஆகுது மேடம்" என்பது பதிலாகாது. சட்டைப் பொத்தானில் எத்தனையைத் தானே போடுகிறான் என்பது பதில். அம்மாவை உள்ளே விட மறுக்கும் சென்டர்களும் இருக்கின்றன. குழந்தை அம்மாவைப் பார்த்தால் அழும் என்பது காரணமாகச் சொல்லப்படும். முதல் சில நாளுக்கு அது இருக்கலாம். ஆறு மாதமாகக் கதவு மூடியே இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

"நூறு சதவீதம் குணம்" என்று போர்டு வைத்தவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆட்டிசம் குணமாக்கும் நோயல்ல, வாழ்நாள் முழுக்க இருக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. ஸ்டெம் செல் ஏற்றுகிறோம் என்று லட்சங்களில் கேட்பவர்களுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே போதும்: ரத்த நோய்கள் போன்ற அங்கீகரித்த சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் பரிசோதனை நிலைதான்.

யாரிடம், எங்கே?

ஆக்குபேஷனல் தெரபியில் இளநிலைப் பட்டம், உள்ளுறைப் பயிற்சியோடு நான்கு ஆண்டுக்கு மேல். வேலூர் சி.எம்.சி. உட்பட தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் இருக்கிறது. சில மாதச் சான்றிதழோடு 'தெரபிஸ்ட்' என்று அறிமுகமாகிறவர்களும் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. பட்டத்தையும் பதிவையும் கேட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது.

காசில்லாதவர்களுக்கு வழி இருக்கிறது, நீளமான வழி. பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தச் சிகிச்சை இலவசம். சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையை 21 ஆக விரித்தபோது ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது. அடையாள அட்டையும் சான்றிதழும் அதன் வழியே வருகின்றன. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, அதற்குள் தெரபிக்கென ஓர் உள்வரம்போடு தருகிறது. இதைத் தெரியாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வாரம் இருமுறை குழந்தையோடு பஸ்ஸில் வருவது என்றால் ஒருநாள் கூலி போகும். இலவசம் என்பது அந்த வீட்டுக்கு இலவசம் அல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து, 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டியே குழந்தையோடு உறவாடும் விதத்தில் முன்னேற்றம் காட்டினார்கள். அது தொடர்பாடல் பற்றிய ஆய்வு, ஓ.டி. அல்ல. என்றாலும் மக்களைத் தேடி வீட்டுக்கே மருத்துவம் போகும் மாநிலத்தில் அந்த வழியை முயன்று பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் தனி அத்தியாயம். சுருக்கமாக: மணிக்குப் பக்கத்து வகுப்பு வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கை வேண்டாம், காலைக் கூட்டத்தின் ஒலிபெருக்கிக்கு நேரே நிறுத்த வேண்டாம், முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டுக் கட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோகும் 'வேலை' ஒன்றைக் கொடுங்கள். இதற்கெல்லாம் பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை. தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும் 2016 சட்டத்திலேயே இருக்கின்றன.

யாருடைய இலக்கு?

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இப்போது எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். தெரபியைப் பற்றி அவர்கள் சொல்வது எப்போதும் பாராட்டாக இருப்பதில்லை. கையை உதறுவதை நிறுத்து, கண்ணைப் பார், முன்னும் பின்னும் ஆடாதே என்று சிறுவயதில் பழக்கியது தங்கள் நலனுக்காக நடக்கவில்லை, பார்ப்பவர்களின் சங்கடம் தீரவே நடந்தது என்கிறார்கள். யோசித்தால் மறுக்க முடியவில்லை. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஆடும் குழந்தை, தன்னைத் தானே சமாளித்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டால் அடுத்தது அழுகைதான். காதில் மாட்டும் ஒலித்தடுப்பு ஹெட்ஃபோனும், தாலி கட்டும் நேரத்தில் வெளியே வராண்டாவும் போதும். "இவனுக்கு எல்லாம் பழகணும்ல" என்று உறவினர் ஒருவர் கையை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போவார். அவரைத் தடுப்பதும் பெற்றோரின் பயிற்சியில் சேர்த்தி.

இந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள் என்பதைச் சென்டர்கள் நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு நாப்கினின் ஒட்டுதலும் உரசலும் தாங்காது. முதல் மாதவிடாய்க்குப் பல மாதம் முன்பே, அரை மணி, ஒரு மணி என்று அணிந்து பழக, படங்களோடு வரிசை சொல்லித்தர வேண்டும். பையனுக்கு மீசை முளைக்கும். அதை எடுக்கும் கருவி எது, கண்ணாடி முன் எவ்வளவு நேரம், யார் கற்றுத்தருவது? கதவைத் தாழிட்டுக் குளிப்பது, தனியாக டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது, மாதச் சம்பளம் தரும் ஏதாவதொரு வேலையில் நான்கு மணி நேரம் உட்காருவது என்று பட்டியல் நீளும். எல்லாமே ஓ.டி.யின் மையமான வேலைகள். ஆனால் ஆர்.பி.எஸ்.கே. 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு குடும்பங்களுக்கு அரசு அலுவலகத்தில் நினைவூட்டப்படுவது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிப்பது பற்றி. தனியார் சென்டரில் விசாரித்தால், மாலை நேரமெல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு நிரம்பிவிட்டது, பெரிய பசங்களுக்கு ஸ்லாட் இல்லை மேடம், வெயிட்டிங் லிஸ்டில் பேர் எழுதிக்கட்டுமா என்கிறார்கள்.